இரண்டு பக்கமும் பேசிய மோகன்

கடலோர மனை விற்கும் மோகனுக்கு மைக் என்றால் உயிர். மாமல்லபுரத்துப் பட்டிமன்றத்தில், "உலகம் சூடாவுது, கடல் ஏறுதுன்றதெல்லாம் பீலா" என்று வழக்கம்போல் முழங்கினார். மறுநாள் அவரிடம் மனை பதிவு செய்யவிருந்த சின்னையன் முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எதிரணிப் பேச்சாளர் வரவில்லை. "அதையும் நீங்களே பேசிடுங்களேன்" என்றார் நடுவர். நீட்டிய மைக்கை வேண்டாமென்பாரா மோகன்? கடல் ஏறிக் கரையைத் தின்பதையும் கிணறு உப்பாவதையும் உருகி உருகிச் சொன்னார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இறங்கியதும் சின்னையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமா பேசுற அண்ணாத்த. எனக்கு அந்த மனை வாணாம்."

"அது சும்மா பேச்சுக்குப்பா."

"எது, மொதல்ல பேசுனதா, அப்பால பேசுனதா?"

மோகன் கடலைப் பார்த்தார், பிறகு சின்னையனைப் பார்த்தார்.

"கடலுக்கு ரொம்ப தூரமா, படாளத்துல மேடா ஒரு மனை கீது. காலையில போய்ப் பாக்கலாமா?"