வெட்டி ஒட்டிய வால்

புதுப் பெட்டியைத் திறந்ததும் ரமணியின் கண்ணில் பட்டது அந்த ஒற்றைச் சுருள்தான். மற்ற எல்லாக் கம்பிச் சுருள்களுக்கும் அடியில், குறுக்காக மடங்கிய சின்ன வால் இருந்தது. இதற்கு இல்லை.

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் மாட்டும் துளையின் மரை தேய்ந்துபோனால் எஞ்சின் தலையையே மாற்ற வேண்டியதில்லை. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, இந்தச் சுருளை உள்ளே திருகி இறக்கினால் போதும். பிளக் அதில் இறுகிக்கொள்ளும். சுருளைத் திருகுவதற்குத்தான் வால். இறங்கியதும் அதை ஒடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் சிலிண்டரைக் கீறி நாசமாக்கிவிடும். அதனால் கிள்ளானில் ரமணி நடத்தும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு கட்டாய விதி இருந்தது: ஒடித்த வாலை அந்த வண்டியின் வேலை அட்டையில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டாத வண்டி வெளியே போகாது.

இறக்குவதற்கு முன்பே வாலை இழந்த சுருள் எதற்கும் உதவாது. பிறகு யார், எதற்காக இதை வெட்டினார்கள்?

சுவரில் தொங்கிய, வாடிக்கையாளர் சுலைகா அக்காவின் வேலை அட்டையைப் பார்த்தாள். காலையில் ரமணியின் கணவன் முகுந்தன் பார்த்த வேலை. வால் இருந்தது. ஒரு பொட்டு கிரீஸ் இல்லாமல், கட்டரால் நறுக்கிய தட்டை முனையோடு பளபளத்தது. ஒடித்து எடுத்த வால் இப்படி இருக்காது.

போன வருடம் ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை போனதைச் சொல்லாமல், அவள் கட்டிக் கொடுத்த சோற்றோடு இரண்டு மாதம் தினமும் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவன் அவன். தெரிந்தபோது, அந்தச் சோற்றை எங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டானோ என்று நினைத்து அவள் அழுதாள். இன்று அழுகை வரவில்லை. காது மடல்கள் சுட்டன.

வாசலில் சுலைகா அக்கா ஹெல்மெட்டோடு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் ஸ்டார்ட்டருக்குப் போனது. ரமணி ஓடிப்போய்ச் சாவியை உருவினாள்.

"என்னம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டைய என் மோட்டார்லயா போடுறீங்க?"

"அக்கா, ஒரு பார்ட் இன்னும் வரல," என்றான் பக்கத்தில் நின்ற முகுந்தன் அவசரமாக.

ரமணி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வாலற்ற சுருள். அவன் முகம் வெளுத்தது.

"உள்ள விழுந்த வாலத் தேடிப் பார்த்தீங்களா?"

"காந்தம் விட்டுப் பார்த்தேன். ஸ்டெயின்லெஸ் லா, ஒட்டாது."

"ஒட்டாதுன்னு தெரிஞ்சே காந்தத்த விட்டீங்க."

"தரையில கூட விழுந்திருக்கலாம் ரமணி. நீ திட்டுவியேன்னு..."

"திட்டியிருப்பேன். அப்புறம் ரெண்டு பேருமா ஹெட்டக் கழட்டியிருப்போம். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்." அவள் குரல் உயரவில்லை. "வால் விழுந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. எத்தன நாள்தான் உங்கள நான் செக் பண்ணிக்கிட்டே இருக்கிறது? நீங்களே சொல்லுங்க, அக்காகிட்ட."

முகுந்தன் கையைத் துணியில் துடைத்தான். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, ஒரு கம்பித் துண்டு எஞ்சின் உள்ள விழுந்திருக்கலாம். காலையிலேயே எனக்குத் தெரியும். மறைச்சிட்டேன்."

சுலைகா அக்கா வண்டியிலிருந்து இறங்கினார். "நான் நாளைக்கு விடியக்காத்தால எழுபது பொட்டலம் நாசி லெமாக் சோறு விக்கக் கொண்டு போகணும் தம்பி. பாதி வழியில நின்னிருந்தா?"

ரமணி தன் மோட்டார் சாவியை அவரிடம் கொடுத்தாள்.

"நீ எப்படி வீட்டுக்குப் போவ?" என்று முகுந்தன் கேட்டான். அவள் உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்தாள்.

அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினான். எஞ்சின் தலை பிரிந்ததும் பிஸ்டனின் கரி படிந்த முகம் தெரிந்தது. விரலில் கிரீஸைத் தடவி சிலிண்டர் சுவரைச் சுற்றித் துழாவினான். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி துழாவினான். ரமணி முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி நின்றாள். அவள் கையிலிருந்த டார்ச் மட்டும், அவன் விரல் போகும் இடமெல்லாம் கூடவே போய்க்கொண்டிருந்தது.