சத்தம் போடாத கேமரா

1

இந்தக் கதை என் அண்ணியுடையது. அவள் என்னிடம் சொன்னது இரண்டே வாக்கியம்: "புதுசா ஒரு கேமரா வாங்கினேன்பா. சத்தமே போடாது." மீதியைப் பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் வார்டு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பிலிம் கேமராவில் படம் எடுப்பவள். எங்கள் குடும்பத்தில் யாருடைய முகமாவது லட்சணமாக விழுந்திருக்கிறது என்றால், அது அவள் எடுத்த படமாகத்தான் இருக்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டபடி அவள் தன் பழைய கேமராவைத் தடவிக்கொடுத்து—'

அண்ணி படித்துவிட்டுச் சிரித்தாள். "நான் எப்பப்பா பெருமூச்சு விட்டேன்? அதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்?"

வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். கிடக்கட்டும்.

2

நடந்தது இதுதான். மூன்றாவது மாடியில் ஒரு பெண் படுத்திருந்தாள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்திருந்தார்கள். குழந்தை கீழே, அண்ணியின் வார்டில். தையல் ஆறாததால் தாய் எழுந்திருக்கக் கூடாது. பெற்ற பிள்ளையை அவள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

தாய்ப்பால் வாங்கிப்போக அண்ணி மேலே வந்தாள்.

"பால் எடுத்து வெச்சீங்களாம்மா?"

"யாருக்கு?"

"உங்க பொண்ணுக்குத்தான்."

"அவ உயிரோட இருந்தா ஏன் சிஸ்டர் யாரும் காட்ட மாட்டேங்கறீங்க? எங்க வீட்டுக்காரர் வந்து, பொண்ணு நல்லா இருக்கான்னு சொல்றார். சின்ன விஷயத்துக்கே கண் கலங்கற மனுஷன், அழாம சொல்றார். எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு என்னை ஏமாத்தறீங்க."

பாட்டில் காலியாகவே இருந்தது. அவளுடைய கேமராவில் அந்தக் குழந்தையின் படம் இருக்கிறது. இருந்து என்ன? ரோல் முடிய வேண்டும், வெளியூருக்கு அனுப்பிக் கழுவி வர வேண்டும். தவிர, அந்தக் கேமராவின் 'டக்'குக்கே குழந்தைக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

(போன் இல்லையா என்று கேட்பீர்கள். வார்டுக்குள் போன் கூடாது என்பது பெரிய டாக்டரின் சட்டம். அண்ணி போய் நின்றபோது, "மணி அடிக்காத எதை வேணும்னாலும் கொண்டு வாம்மா, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு" என்றாராம்.)

3

இந்த இடத்தில் ஒரு கண்ணீர்க் காட்சி வைத்திருந்தேன். முன்பு ஒரு குழந்தை, ரோல் கழுவி வருவதற்குள்— வேண்டாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. உங்களை அழவைக்க எனக்குத் தெரிந்த குறுக்குவழி அது. கடைக்குப் போவோம்.

அண்ணனும் கூடப் போனான். லிஃப்ட் மெக்கானிக், எதை வாங்கினாலும் இருப்பதிலேயே பெரியதை வாங்கச் சொல்லும் ரகம். கடைப் பெண்ணும் சளைக்கவில்லை. லென்ஸ் மாற்றுவது, தண்ணீரில் முங்குவது, சிரித்தால் தானே படம் எடுப்பது என்று கடை பரப்பிவிட்டாள்.

"சத்தத்தை முழுசா நிறுத்த முடியுமா?" என்றாள் அண்ணி. "ஃபிளாஷ் தன்னால அடிக்கக் கூடாது. படுத்திருக்கறவங்களுக்கும் படம் தெரியற மாதிரி திரை இருக்கணும். அவ்வளவுதான்."

"சிரிச்சா எடுக்கறது நல்லா இருக்கே," என்றான் அண்ணன்.

"அங்க யாரும் இன்னும் சிரிக்கக் கத்துக்கலைங்க."

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒன்று வந்தது. கையில் கனமே இல்லை. கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டையும் இல்லை. முகத்தோடு ஒட்டிப் பிடித்தே பழகியவளுக்கு, கையை நீட்டிப் பிடித்தபோது யாரிடமோ தட்டேந்தி நிற்பதுபோல இருந்தது. பொத்தானை அழுத்தினாள். அது மூச்சுக்கூட விடவில்லை.

"இதுவே போதும்," என்றாள்.

4

மறுநாள் மத்தியானம் குழந்தையைப் படம் எடுத்தாள். முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது நன்றாக விழுந்தது. எடுத்த கையோடு மாடி ஏறினாள்.

இங்கே அந்தப் பெண் ஆனந்தக் கண்ணீர் வடிப்பதாக எழுதியிருந்தேன். அண்ணி பேனாவை வாங்கி அடித்துவிட்டாள். உண்மையில் அந்தப் பெண் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது வேற யாரோட குழந்தையாவது இருந்தா?" என்று கேட்டிருக்கிறாள்.

அண்ணிக்குக் கோபம் வரவில்லை. "என்ன செஞ்சா நம்புவீங்க? சொல்லுங்க, செய்யறேன்."

அந்தப் பெண் தலையிலிருந்து ஒரு பச்சை கிளிப்பை உருவினாள். "இதை அவ பக்கத்துல வெச்சு எடுத்துட்டு வாங்க."

அண்ணி கீழே இறங்கி, கிளிப்பைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே ஒட்டினாற்போல் வைத்து, படம் எடுத்து, மறுபடி ஏறினாள். முட்டிவலிக்காரி. லிஃப்டுக்குக் காத்திருக்க மனசு வரவில்லை. பிலிமாக இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் குழந்தைக்கு மாதம் நிறைந்திருக்கும்.

அந்தப் பெண் முதலில் தன் கிளிப்பைப் பார்த்தாள். பிறகு அதன் பக்கத்தில், ஒரு தொப்பியும் குழாயும் மறைத்தது போக மிச்சமிருந்த முகத்தை. அவள் விரல் பொத்தானைத் தடவியதில் படங்கள் பின்னால் நகர்ந்தன.

"இது என்ன சிஸ்டர், புகை மாதிரி?"

"அது சரியா வரலைம்மா. கை ஆடிடுச்சு. குடுங்க, அழிச்சிடறேன்."

இத்தனை வருஷத்தில் கலங்கிய படம் எதையும் அண்ணி வைத்துக்கொண்டதில்லை.

"யார் கை?"

அண்ணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"அவ கைதான்," என்றாள். "ஆட்டிக்கிட்டே இருந்தா."

அந்தப் பெண் கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அழிக்காதீங்க. நான் இன்னும் பார்த்து முடிக்கலை."

5

"அப்புறம் அண்ணி?"

"அப்புறம் என்ன, பாட்டில்ல பால் இருந்துச்சு. எடுத்துக்கிட்டுக் கீழ வந்தேன்."

குழந்தை எடை ஏறி வீடு போய்ச் சேர்ந்ததா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வாசலில் ஆட்டோ நிற்கிறது. இன்னொன்றை எழுதி முடிக்கக் கை வரவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டேன், வேண்டியதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முட்டிவலியோடு அண்ணியே கட்டிலோரம் நிற்கிறாள். நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள்.