பாலத்துப் பேனரில் எழில்மொழி

வயிற்றுவலி என்று சொல்லி எழில்மொழி திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா செந்தாமரை நம்பித்தான் இருந்தாள், நடவுக்குப் போகிற வழியில் வாய்க்கால் பாலத்தில் அந்தப் பேனரைப் பார்க்கும்வரை.

அதில் உரக்கடை ராஜ்குமார் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நாப்கின் பாக்கெட்டை நீட்டுகிறார். தலையைக் குனிந்து அதை வாங்குகிறவள் எழில்மொழி. ‘ஏழை மாணவியரின் மானம் காத்த வள்ளலே!’ என்று மேலே எழுதியிருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டு, போன வாரம் பள்ளிக்கூடத்தில் அவர் நடத்திய விழா. யாரோ குறிபார்த்து, படத்தில் பிள்ளையின் சுடிதார்மேல் வெற்றிலை எச்சிலைத் துப்பியிருந்தான். டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் அதைக் காட்டிச் சிரித்தார்கள்.

நடவுக்குப் போகாமல் நேரே உரக்கடைக்கு நடந்தாள்.

“என்னம்மா, யூரியாவா?” என்றார் ராஜ்குமார்.

“பாலத்துல எம்பொண்ணு படம் இருக்குங்க. எடுத்துடுங்க.”

“உம்பொண்ணா அது? படம் நல்லா விழுந்திருக்கே! இதுல வெக்கப்பட என்ன இருக்கு? எல்லாம் விழிப்புணர்வும்மா.”

“அப்ப உங்க பொண்ண நிக்க வச்சிருக்கலாமேங்க.”

அவர் முகம் சுருங்கியது. “எம்பொண்ண எதுக்கு இழுக்குற? அசிங்கமா பேசாத.”

“எம்பொண்ணுன்னா விழிப்புணர்வு, உங்க பொண்ணுன்னா அசிங்கமா?”

அவர் பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவே மிஞ்சிக் கிடந்த நாப்கின் பாக்கெட்டுகளில் இரண்டை எடுத்து, நாய்க்குப் போடுவதுபோல் மேசைமேல் எறிந்தார். “எடுத்துக்கிட்டுக் கெளம்பு.”

மருந்து வாடை குப்பென்று அடித்தது. அவள் தொடவில்லை.

புல்லறுக்க வந்திருந்த ரெங்கம்மாளிடம் கருக்கரிவாளை வாங்கிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். பேனரில் மகள் இருந்த பாதியை மட்டும் அறுத்தெடுத்தாள்.

“கேஸ் போட்டுடுவாங்க, பாத்துக்க” என்றான் பெஞ்சிலிருந்த ஒருவன்.

“போடட்டுமே. துப்புனது யாருன்னு அங்க வந்து சொல்லு” என்றாள் கூடவே வந்திருந்த ரெங்கம்மாள். அவன் டீயைக் குடிக்கத் தொடங்கினான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததை எழில்மொழி பார்த்தாள், அழுதாள். பிறகு சொன்னாள்: “அந்தப் பாக்கெட்ட நான் பிரிக்கவே இல்லம்மா. பிரிச்சாலும் எங்க போயி மாத்துறது? பள்ளிக்கூடத்துல பாத்ரூமப் பூட்டியே வச்சிருக்காங்க.”

மறுநாள் செந்தாமரையும் ரெங்கம்மாளும் இன்னும் சில தாய்மாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பாத்ரூமுக்குத் தண்ணீர் வசதி செய்ய நிதி இல்லை என்றார் தலைமையாசிரியர். கதவைத் திறக்கும்வரை நகரமாட்டோம் என்று இவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் பூட்டு திறந்தது. உள்ளே ஈ மொய்த்தது. காய்ந்த குழாய், மூலையில் கறுத்துப்போன துணிகள். செந்தாமரை சுவரோரம் போய் வாந்தியெடுத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த கலைமகள் டீச்சர் மெல்லச் சொன்னாள்: “அந்த நாளுல நாங்களே லீவு போட்டுடுறோம்க்கா.”

“வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே டீச்சர்” என்றாள் செந்தாமரை.

அடுத்த வாரம் மோட்டார் வந்தது, தண்ணீரும் வந்தது. எழில்மொழி பள்ளிக்கூடம் போகிறாள். பாலத்து வழியாக அல்ல; வரப்பில் சுற்றிக்கொண்டு.