விசில் சார் சொல்ல வந்த விஷயம்

விளையாட்டு ஆசிரியருக்கு அந்தப் பள்ளியில் 'விசில் சார்' என்று பெயர். விசிலே தேவையில்லாத தொண்டை அவருக்கு. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அதட்டினால் அந்தக் கோடியில் பந்து தானாக நின்றுவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட கதை இது.

அந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்குப் பாலியல் கல்வி வந்தது. பாடம் தொடங்குமுன் பெற்றோரைக் கூட்டி விவரம் சொல்லிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சொல்ல வேண்டிய உயிரியல் டீச்சரோ பேறுகால விடுப்பில் போய்விட்டார். தலைமையாசிரியை கண்ணை ஓட்டினார். விசில் சார் மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் சார் பெற்றோர்கிட்ட நல்ல பழக்கம். பத்து நிமிஷ வேலை."

"மேடம், நான் கபடி சொல்லிக் கொடுக்கிறவன்."

"அதுவும் உடம்பு சம்பந்தப்பட்டதுதானே," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை கூடத்தில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்க முடியாமல் அவதிப்பட்டார்கள். முன்வரிசையில் கடைத்தெருத் தையல்காரரும் அவர் மனைவியும். எந்தக் கூட்டமானாலும் முதல் கேள்வி தையல்காரருடையதுதான்.

விசில் சார் எழுந்தார். கனைத்தார். மனப்பாடம் செய்துவைத்த வார்த்தைகளெல்லாம் காற்றில் போய்விட்டன.

"பிள்ளைங்களுக்கு ஒரு புதுப் பாடம் ஆரம்பிக்கிறோம்," என்றார். "அது... வாழ்க்கைக்கு ரொம்ப அவசியம். உடம்பு வளர்ற வயசு. வெட்கப்பட்டுக்கிட்டு விட்டுட்டா பின்னால ஆபத்து. முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டா பயமில்லாம இருப்பாங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"பசங்களும் பொண்ணுங்களும் ஒண்ணாவா சார்?" என்று கேட்டார் தையல்காரர்.

"முதல்ல தனித்தனியா."

"அது நல்லது. துணியெல்லாம் நாங்க கொடுத்து அனுப்பணுமா?"

மாதவிடாய்க்கான துணியைப் பற்றித்தான் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கிறார் என்று விசில் சார் நெகிழ்ந்தே போனார். "வேண்டாம். தேவையானதைப் பள்ளிக்கூடமே கொடுக்கும்."

கைதட்டல் எழுந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள். தலைமையாசிரியை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திங்கள்கிழமை மாலை வீடு திரும்பியபோது அவருடைய மனைவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். தபால் நிலையத்தில் வேலை; ஊர்ச் செய்தியெல்லாம் கடிதங்களுக்கு முன்பே அவரிடம் வந்து சேர்ந்துவிடும்.

"என்னங்க, நீங்க எப்ப நீச்சல் கத்துக்கிட்டீங்க?"

"நீச்சலா?"

"தையல்காரர் சம்சாரம் வந்திருந்தாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால நகராட்சி புதுசாக் குளம் கட்டியிருக்கில்ல, அதுல எட்டாம் வகுப்புக்கு நீங்கதான் நீச்சல் சொல்லித் தரப்போறீங்களாம். உடுப்பு, துண்டு எல்லாம் பள்ளிக்கூடமே கொடுக்குதாமே."

விசில் சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லச் சொல்ல, மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, என்கிட்ட சொல்லுங்க. நான்தான் பெற்றோர்."

"உன்கிட்ட என்னத்த சொல்றது?"

"பாலியல் கல்வின்னு சொல்லுங்க. மாதவிடாய்னு சொல்லுங்க. நமக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அதுங்க தபால்ல வரல."

முதல் தடவை அவர் குரல் கொசுவின் குரலாக வந்தது. "காது கேக்கல," என்றார் மனைவி. கிழங்கு முழுவதும் உரித்து முடிவதற்குள் அவர் ஓரளவு மனிதக் குரலுக்கு வந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கூட்டம். நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு லாரி டிரைவர் காற்றடைத்த டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் விசில் சாருக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் எழுந்தார்.

"போன வாரம் நான் சுத்தி வளைச்சுப் பேசிட்டேன். தப்பு என்னுதுதான். இது நீச்சல் இல்ல. பாலியல் கல்வி."

டிரைவர் டியூபை மெதுவாகப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

விசில் சார் நிறுத்தவில்லை. அந்த வயதில் உடம்பில் என்னென்ன மாறும், மாதவிடாய் ஏன் வருகிறது, குழந்தை எப்படி உருவாகிறது, யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், இதெல்லாம்தான் பாடம் என்றார். எந்தப் படம் காட்டப்போகிறார்களோ அந்தப் படத்தையே விரித்தும் காட்டினார்.

தையல்காரர் எழுந்தார். "சார், எங்களுக்கெல்லாம் யாரு பாடம் எடுத்தாங்க? எல்லாம் தானாத் தெரிஞ்சுக்கலயா?"

"நீங்க உக்காருங்க," என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி. பொதுவில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. தையல்காரரே திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு என்ன தெரிஞ்சுது? முதல் தடவ ரத்தத்தப் பாத்ததும் ஏதோ பெரிய வியாதி, சாகப்போறோம்னு நெனச்சேன். பெரியவங்க யார்கிட்டயும் சொல்லல. என் பொம்மையெல்லாம் எடுத்து என் தங்கச்சிக்குக் கொடுத்துட்டு, போர்வையப் போத்திக்கிட்டுச் சாவு வரட்டும்னு படுத்துக் கிடந்தேன்."

டிரைவர்தான் மெல்லக் கேட்டார்: "பொம்மை திரும்பக் கிடைச்சுதாம்மா?"

"எங்க கிடைச்சுது? கேட்டா, 'நீ செத்துப்போறேன்னு சொல்லித்தானே கொடுத்தே'ங்கறா அவ."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. அந்த அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதன்பின் கேள்விகள் பொலபொலவென்று வந்தன. வீட்டில் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது, பையன்களுக்கும் இது தெரிய வேண்டுமா, எந்த டீச்சர் எடுப்பார். தெரிந்ததற்கு விசில் சார் பதில் சொன்னார். தெரியாததை உயிரியல் டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பெற்றோரில் ஒருவரான மருந்துக்கடைக்காரர் மட்டும் கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். மற்றவர்கள் சம்மதித்தார்கள், இந்தத் தடவை எதற்கென்று தெரிந்தே.

கூடத்தைப் பூட்ட விசில் சார் சாவியை எடுத்தபோது தையல்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மனைவியை முன்னால் போகச் சொல்லிவிட்டாராம்.

"அவ இத்தன வருஷத்துல என்கிட்ட இதச் சொன்னதே இல்ல சார்," என்றார். சட்டைப் பொத்தானைத் திருகினார். "எங்க வீட்லயும் பொண்ணு எட்டாவதுதானே. அவளுக்கு அந்த நாள் வந்தா, வீட்ல நான் மட்டும் இருந்தேன்னு வைங்க... அப்பன் என்ன சார் செய்யணும்?"

விசில் சார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வாங்க, உக்காருங்க. சொல்றேன்," என்றார். பாதி தூரம் போயிருந்த தையல்காரர் மனைவி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அந்தக் குரல் தெளிவாக இருந்தது.