தொழுவத்து மண்

இந்த மண்ணை எங்கன எடுத்திய அப்பா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது மரியாதையா, பயமா?

"ஏட்டி, புறங்கையால வைக்கணும்," என்று மங்களேஸ்வரி அத்தை முழங்கையில் இடித்தாள். இராமலட்சுமி கையைத் திருப்பி, அப்பாவின் உச்சியில் எண்ணெயைத் தொட்டு வைத்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் அப்பா பால்வண்ணநாதனை எடுத்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலை ஈரக் கல்லாகச் சில்லிட்டது.

"மண்ணுக்கே வைத்தியம் பாக்குறவளுக்கு அப்பனுக்கு எண்ணெ வைக்கத் தெரியலயே," என்றாள் அத்தை அழுகைக்கு நடுவே. யாரோ சிரித்துவிட்டு, உடனே மூக்கைச் சிந்தினார்கள்.

காலையிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீர் டிரம் நிறைந்ததா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டாள். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் போகும் வேன்கள் பாட்டுச் சத்தத்தோடு வந்து, பந்தலைக் கண்டதும் பாட்டை நிறுத்தி, தாண்டியதும் மறுபடி போட்டன.

இரண்டு மாதம் முன்பு அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, அவள் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்துக்குத் தென்காசி வரை பஸ் ஏறி வந்தார். கையில் மஞ்சள் பை. வரப்போரத்தில் எடுக்கக் கூடாது, மர நிழலில் எடுக்கக் கூடாது, வயலில் பத்து இடத்தில் எடுத்துக் கலக்க வேண்டும் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். பையைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. கறுப்பாக, பொலபொலவென்று, நடுவே மக்கிய வைக்கோல் துணுக்குகளோடு இருந்தது. அவர்கள் வயல் செம்மண்.

அந்த வயலிலிருந்து எல்லாம் போயாகிவிட்டது. நெல் மில்லுக்குப் போனது. வைக்கோல் ஒவ்வொரு அறுப்புக்கும் லாரியேறி, செங்கோட்டை வழியாக மலை தாண்டிக் கேரளத்து மாடுகளுக்குப் போனது. இங்கே மாடு விற்று ஐந்து வருடம். யூரியாவை மட்டும் குடித்துப் பயிர் எழும்பியது. வீட்டுக்குப் பின்னால் தெரிகிற மலைக் காட்டிலும் அப்படியொன்றும் ஆழமான மண் கிடையாது. ஆனால் அங்கே உதிர்கிற இலை உதிர்ந்த இடத்திலேயே மக்கி, அதே மரத்துக்குள் ஏறிவிடுகிறது. எதுவும் லாரி ஏறுவதில்லை.

நாற்பது வருடச் சாணியும் மூத்திரமும் ஊறிய மண் இந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் மிச்சமிருந்தது, கொல்லையில் காலியாகக் கிடந்த மாட்டுத் தொழுவில். அப்பா அதைத்தான் சுரண்டி எடுத்து வந்திருந்தார்.

முடிவைப் பார்த்த மேலாளர், "அண்ணாச்சி, இப்படி ஒரு மண்ணு இந்தப் பக்கமே கெடயாது," என்றார். அப்பா மகளைப் பார்க்காமல் சிரித்தார். "எங்க ஐயா காலத்துல இருந்தே அப்படித்தான்." அவள் மண்வள அட்டையை அச்செடுத்துக் கொடுத்தாள்.

"லெச்சுமி, கொஞ்சம் பின்னால வா."

அண்ணன் செந்தில்வேல் கூப்பிட்டான். சென்னையில் போலீஸ் வேலை. அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வரும் நீர்மாலைக்குப் போக வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தான். கொல்லையில் இசக்கிமணி நின்றார். இந்தக் கார் போகத்திலிருந்து வயலைக் குத்தகைக்கு எடுக்கிறவர். பிளாஸ்டிக் உறை போட்ட அந்த அட்டை அவர் கையில் இருந்தது.

"பத்து நாளு வயல்ல ஆட்ட அடைச்சு, கிடை போட்டு உரமேத்திட்டுத்தான் நடுவாராம். காலுவாயில தண்ணி வந்தாச்சு. நான் வியாழக்கிழம டூட்டியில ஏறணும். அட்டையிலதான் எல்லாம் மிகுதின்னு போட்டிருக்கே. கிடை வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, பேசி முடிச்சிருவோம்."

"எழவு வீட்டுல கேக்கக் கூடாதுதான் தாயி," என்றார் இசக்கிமணி. "போன வருசம் பயிரு மஞ்சளா நின்னுது. ஒங்கப்பாட்ட கேட்டேன், என் வயலுக்கு ஒண்ணும் வேண்டாம் போலேன்னுட்டாவ. எனக்குச் சொந்தமா ஒரு சென்ட் கெடயாது. இந்தப் போகம் போச்சுன்னா நான் எந்திரிக்க முடியாது. நீ மெசின்ல பாத்த பிள்ள. அட்ட சரின்னு சொல்லு, கிடையே வேண்டாம்னு விட்டுருதேன்."

முன்வாசலில் கொட்டுச் சத்தம் ஆரம்பித்தது. அவர் தலைக்குப் பின்னால் தொழுவின் கூரை தெரிந்தது. அங்கே பார்த்துவிடாமல் இருக்க அவள் தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

"கிடை போடுங்க அண்ணாச்சி."

"என்னட்டி சொல்லுத?" என்றான் அண்ணன்.

"அட்டைய நம்பி நட வேண்டாம். பத்து நாள் ஆனாலும் ஆகட்டும்."

இசக்கிமணி அட்டையை ஒருமுறை பார்த்தார். அவளையும் பார்த்தார். ஏதோ புரிந்தவர்போல அதை அண்ணனிடம் நீட்டிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முன்பக்கம் நடந்தார்.

"அப்போ அட்ட தப்புங்கியா?" அண்ணனின் குரல் தாழ்ந்தது. "நீதான அடிச்ச? இல்ல, அப்பா கொண்டாந்த மண்ணுதான் தப்பா? எங்கன எடுத்தாவ?"

"செந்திலு, நீர்மாலைக்கு நேரமாச்சுலே!" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவன் நகரவில்லை. ஒட்ட வெட்டிய அவன் தலைமுடியில் சாரல் பொடிப்பொடியாகத் தங்கியிருந்தது.

"சொல்லு லெச்சுமி. என்ட்டயாவது சொல்லு."

"மாட்டேண்ணே," என்றாள். "நீ போ. அப்பா காத்துக் கெடக்காவ."