சுகப்பிரியா கதவருகே சொன்னது

ரகுபதி ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பால் காய்ச்சினான். ஒரு டம்ளர் அரிசியைக் குக்கரில் வைத்து மூன்று விசில் எண்ணினான். குளித்தான். நேற்றைய சட்டை நாற்காலியில் கிடந்தது, அதையே போட்டுக்கொண்டான். காலி தண்ணீர் கேனைக் கேட்டுக்கு வெளியே வைத்தான். எட்டு மணிக்கு மாமியார் சின்னப்பொண்ணு போன் செய்தாள்.

அவள் தினமும் கேட்பது ஒன்றுதான். மகள் கவிப்பிரியா கடைசியாக என்ன சொன்னாள்? ஏழு மாதத்துக்கு முன்பு ஒரகடம் சாலையில் ஒரு டிரெய்லர் லாரி கவியின் ஸ்கூட்டியை இடித்தது. அன்று காலை அவள் வீட்டிலிருந்து கிளம்பியபோது உடன் இருந்தவன் ரகுபதி மட்டும்தான். சாவு வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் மாமியார் கேட்டபோது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தினமும் அதையே சொல்கிறான். அவள் "ம்" என்பாள். வைத்துவிடுவாள்.

அவன் ஒரு கல்லூரியில் பள்ளி உளவியல் முதுகலை மாணவர்களுக்குக் களப்பயிற்சி மேற்பார்வையாளன். மாணவர்கள் சுற்று வட்டாரப் பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளோடு பேசி, சோதனை வைத்து, அறிக்கை எழுதுவார்கள். அவன் அதைப் படித்துத் திருத்திக் கையெழுத்திட வேண்டும். ஏழு மாதமாகப் படிப்பதில்லை. கையெழுத்து மட்டும் போடுகிறான். பிப்ரவரி முப்பது என்று தேதியிட்ட அறிக்கையிலும் சார் கையெழுத்து விழுந்ததென்று விடுதியில் சொல்லிச் சிரித்தார்கள். அவன் காதுக்கும் வந்தது. வந்து போயிற்று.

அன்று வல்லம் வடகாலுக்கு அருகே ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. மாணவி தென்றல் வராந்தாவில் அறிக்கையோடு காத்திருந்தாள். பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை அறையில் கூட்டம். நான்காம் வகுப்பு சுகப்பிரியா பற்றியது. வகுப்பில் அவள் வாயைத் திறப்பதில்லை. நுண்ணறிவுச் சோதனையில் சராசரி நூறு, அவளுக்கு அறுபத்திரண்டு. கையெழுத்து விழுந்தால் அவளைச் சிறப்பு மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பிய குழந்தை திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை.

ரகுபதி பேனாவைத் திறந்தான். கையெழுத்திடும் இடத்துக்கு மேலே ஒரு கட்டம் உண்டு. 'கிளம்பும்போது குழந்தை கடைசியாகச் சொன்னது.' கவியும் இதே வேலையில் இருந்தவள், அந்தக் கட்டத்தைப் படிவத்தில் சேர்த்தவள் அவள்தான். பிள்ளைகள் ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, செருப்பை மாட்டும்போது விஷயத்தைச் சொல்லும் என்பாள்.

கட்டத்தில் தென்றல் எழுதியிருந்தாள்: 'நான் நல்லாப் படிப்பேன் அக்கா. அம்மாவைப் பார்த்துக்குவேன்.'

பேனா நின்றது. அம்மாவைப் பார்த்துக்குவேன். அந்த வாக்கியத்தை அவனுக்குத் தெரியும். தினமும் எட்டு மணிக்கு அவன் சொல்வது. சொல்லாததைச் சொன்னதாக எழுதும்போது கைக்கு வருவது அதுதான்.

"இத அவ சொல்லல" என்றான்.

தென்றல் உதட்டைக் கடித்தாள். "சார்..."

"என்ன சொன்னா?"

"அர்த்தமே இல்லாம ஒண்ணு சொன்னா சார். எழுதினா மார்க் போயிடும்னு..." தயங்கினாள். "நீங்க படிக்க மாட்டீங்கன்னும் நெனச்சேன்."

அவன் கோபப்படவில்லை. கோபம் வர வேண்டிய இடம் என்று மட்டும் தோன்றியது. அவள் சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னான்.

"ஸ்டோர் ரூம்ல வெச்சுத்தான் டெஸ்ட் குடுத்தேன். கதவ சாத்தி, மெதுவாப் பேசி. முடிச்சிட்டுப் போறப்ப கதவாண்ட நின்னு காதுல கேட்டா சார். 'இங்க யாரு அக்கா தூங்குதாங்க?'ன்னு."

சுகப்பிரியாவின் வீட்டைப் பற்றி விசாரித்தான். தென்றலுக்குத் தெரிந்திருந்தது, எழுதியும் இருந்தாள், இரண்டாம் பக்கத்தில். சுங்குவார்சத்திரத்தில் ஒற்றை அறை. தெற்கிலிருந்து வந்த குடும்பம். அம்மா தங்கமாரிக்கு நைட் ஷிப்ட், சித்திக்குப் பகல் ஷிப்ட். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"எந்நேரமும் ஒருத்தர் தூங்கிட்டிருப்பாங்க சார்."

"ஆமா."

"அந்த ரூமும் அப்படித்தான் இருந்திருக்கு அவளுக்கு. கதவ சாத்தி, குசுகுசுன்னு பேசி... நானே அவ வாயக் கட்டிட்டேன்."

அவன் பேனாவை மூடினான். சிறுமியை அழைத்து வரச் சொன்னான். மூவரும் மைதானத்துக்குப் போய்ச் சுற்றுச்சுவர் ஓரம் நின்றார்கள். சுவருக்கு அப்பால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இங்கே யாரும் தூங்கவில்லை என்று தென்றல் உரக்கச் சொன்னாள். சுகப்பிரியா அவளையும் லாரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு லாரி போனது. ஐந்தாவதைக் கைகாட்டி, அது ராஜஸ்தான் வண்டி என்றாள். எப்படித் தெரியும் என்றதற்கு நம்பர் பலகையைப் படித்துக் காட்டினாள். அடுத்தது ஹரியானா. அடுத்தது நம்ம ஊர், ஆனால் பின்பக்கம் ஒரு லைட் எரியவில்லை. பத்து நிமிடத்தில் குரல் ஹாரனுக்கு மேலே போனது.

"திரும்ப டெஸ்ட் குடுத்துடவா சார்?" தென்றல் கேட்டாள்.

அதே சோதனையை உடனே மறுபடி வைக்க முடியாது. கேள்விகள் ஞாபகம் இருக்கும், மதிப்பெண் செல்லாது. நல்ல எண்ணைக் காட்டி அவளைக் காப்பாற்ற வழியில்லை. கெட்ட எண்ணில் கையெழுத்திடாமல் இருக்கலாம், அவ்வளவுதான். மதிப்பெண்ணின் மேல் குறுக்கே கோடு போட்டான். 'சோதனைச் சூழல் தவறு. ஆறு மாதம் வகுப்பிலேயே தொடரட்டும். மறுமதிப்பீட்டை நானே செய்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். பேப்பர் எல்லாம் ரெடியாகிவிட்டது, மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்றார். தப்பு என் மேல் என்று எழுதுங்கள் என்றான்.

"இத்தன நாளு கண்ண மூடிக்கினு போட்டீங்களே சார், இன்னிக்கு மட்டும் இன்னா?"

அவன் தலையாட்டினான். அவர் பெருமூச்சு விட்டு ஃபைலை மூடி, ஆறு மாதம் என்று மேலே பென்சிலால் எழுதிக்கொண்டார். சுகப்பிரியா நான்காம் வகுப்புக்குத் திரும்பிப் போனாள்.

வராந்தாவில் தென்றல் கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு, சிறுமி சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். இதுவரை எழுதிய ஒன்பது அறிக்கைகளிலும் அந்தக் கட்டத்தைத் தானே இட்டுக்கட்டி நிரப்பியதாகச் சொன்னாள். ஒன்பதையும் நாளைக்குக் கொண்டுவரச் சொன்னான். மற்றவர்களுடையதையும்.

"பொய்னு எப்படி சார் தெரிஞ்சுது?"

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றான்.

சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் இறங்கி டீ வாங்கினான். குடிக்கவில்லை. போனை எடுத்து மாமியாரை அழைத்தான். இந்த ஏழு மாதத்தில் அவனாக அழைப்பது முதல் தடவை.

"இன்னா மாப்ளே, இந்நேரத்துல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

நன்றாக இருப்பதாகச் சொன்னான். தினமும் சொல்லி வந்தது கவி சொன்னதில்லை, தானே இட்டுக்கட்டியது என்றான். மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

"அப்ப எம்பொண்ணு இன்னாதான் சொல்லுச்சு?"

ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள் என்றான். பிறகு அதை அப்படியே சொன்னான்.

"காலி கேன் ரெண்டையும் வெளிய வெச்சிடுங்க. ஒண்ணுக்கு மூடி காணோம். கேன்காரரு கேட்டா, நான் சாயங்காலம் வந்து பேசிக்கிறேன்னு சொல்லுங்க."