ஜன்னலில் ஒட்டிய சிமெண்ட் சாக்கு

என் மகளுக்கு வயது ஆறு மாதம், எடை ஏழு கிலோ. குரலைத் தனியாக நிறுத்தால் ஒரு டன் தேறும். வீட்டில் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். பகல் முழுக்கத் தூங்கிவிட்டு, ராத்திரி எழுந்து எல்லோரையும் பார்த்துக் கத்துகிறவர்களை எங்கள் தொழிலில் வேறு எப்படிக் கூப்பிடுவது?

நான் பாலம் கட்டுகிற இடத்தில் கான்கிரீட் போடுகிறவன். பகலில் அந்தச் சாலையில் வண்டி நெரிசல் என்பதால் எங்களுக்கு எல்லா வேலையும் இரவில்தான். மாலை ஏழு மணிக்குக் கிளம்பினால் காலை ஏழரைக்குத்தான் திரும்புவேன். என் மனைவி பக்கத்துத் தெருவில் இருக்கும் தையல் ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறவள். காலை எட்டு மணிக்கு ஆலை வாசலை மூடிவிடுவார்கள். நான் உள்ளே நுழைய, அவள் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடுவாள். எங்களைப் பார்த்தால் புருஷன் பொண்டாட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொடர் ஓட்டத்தில் கட்டையைக் கை மாற்றுகிற ஆட்கள் என்பார்கள்.

பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் ஒரு ராத்திரிகூட அவள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. இரண்டு முறை தாமதமாகப் போனாள். திங்கட்கிழமை மிஷினிலேயே கண் அசந்து, ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அன்று மாலை விரலில் கட்டோடு வந்து நின்றாள். அழவில்லை. அழவும் தெம்பு வேண்டுமே.

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பாங்களாம். இன்னொரு நாள் லேட்டா வந்தாலோ, தூங்கி விழுந்தாலோ, என் மிஷின வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம்," என்றாள்.

அந்த மிஷினில் அவள் ஒன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறாள். தன் கால் பட்டுப் பட்டு அதன் மிதியே தேய்ந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்வாள். என்னைப் பற்றி அவள் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

அன்று ராத்திரி டீ நேரத்தில் விஷயத்தை ஆட்களிடம் சொன்னேன். பாலத்துக்குக்கூட அவர்கள் அவ்வளவு யோசனை சொன்னதில்லை.

"வெதுவெதுன்னு தண்ணி வெச்சுக் குளிப்பாட்டுப்பா," என்றார் கிரேன்காரர்.

"உள்ளங்கால்ல எண்ணெய் தேச்சு விடு," என்றான் கம்பி கட்டுகிறவன்.

"என் வண்டி இன்ஜின் சத்தத்த ஃபோன்ல பிடிச்சுத் தர்றேன், போட்டு விடு. அதைக் கேட்டா நானே தூங்கிடுவேன்," என்றான் லாரி டிரைவர்.

"அதான் போன மாசம் தூண்ல கொண்டுபோய் முட்டுனியா?" என்றார் கிரேன்காரர்.

கலவை மிஷின்காரன் மட்டும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "ஈறுல ஒரே ஒரு சொட்டு சரக்கு தடவுனா..."

"உங்க வீட்ல உனக்குத் தடவிப் பாத்தாங்க இல்ல? பலனத்தான் நாங்க தினம் பாக்குறோமே. போய் மிஷினப் பாரு," என்றேன்.

சரக்கைத் தவிர மற்றதெல்லாம் செவ்வாய்க்கிழமை மாலை நடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். கால் முதல் தோள் வரை எண்ணெய். மெத்தென்ற பழைய பருத்தித் துணியில், இடுப்பும் காலும் அசைய இடம் விட்டு ஒரு சுற்று. பால், தோளில் போட்டு ஏப்பம், சின்ன விளக்கு, என் மனைவியின் முனகல் பாட்டு. மேஸ்திரி எல்லாச் சேவையையும் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டாள். தூங்கத்தான் இல்லை. நடுராத்திரி நான் ஃபோன் போட்டபோது, என் மனைவி ஃபோனைப் பிள்ளையின் வாய்க்கு நேரே பிடித்தாள். கிரேன் மேலே இருந்தவருக்கும் கேட்டது.

புதன்கிழமை காலை பிள்ளையை வாங்கும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே.

"என்கிட்ட வந்தா அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுறா. உனக்குத்தான் கை வரல," என்றேன்.

தப்பாகத் தைத்த காலரைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு பார்வை பார்ப்பாளே, அப்படிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் சொன்னது பொய் இல்லை. அன்றும் மேஸ்திரி ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். எங்கள் அறை அப்படி. பத்து வருட ராத்திரி வேலையில் நான் சேர்த்த ஒரே சொத்து அந்த இருட்டுதான். ஜன்னலில் சிமெண்ட் சாக்குத் தாளை இரண்டு அடுக்காக ஒட்டியிருந்தேன். சொட்டுகிற குழாயில் துணி கட்டியிருந்தேன். அழைப்பு மணியின் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். என் மனைவியின் ஃபோன் வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. மாடிப்படியில் யாராவது செருப்புத் தேய்த்து நடந்தால் கதவைத் திறந்து, "சத்தம் போடாதீங்க, இங்க ஆளுங்க தூங்கறாங்க," என்பேன். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இந்தச் சாக்குகளைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டப் படித்தேன். ஓரத்தில் கசிகிற வெளிச்சத்தில், 'ஈரம் படாமல் பாதுகாக்கவும்' என்ற வரியைப் படித்துக்கொண்டே கண்ணை மூடுவேன். மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அந்த உத்தரவை அவள் மதித்ததே இல்லை.

அன்று மதியம் ஏதோ வெடித்த மாதிரி சத்தம். அக்கா இருட்டில் வாளியில் இடித்துக்கொண்டுவிட்டாள். கீழ் வீட்டில் இருக்கும் என் சொந்த அக்காதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவளிடமும் உண்டு.

"டேய், இது வீடா, பெருச்சாளிப் பொந்தா? என் முழங்கால் போச்சு!"

"மெதுவாப் பேசுக்கா. புள்ள தூங்குது."

"மணி ஒன்றரைடா. எப்பலேர்ந்து தூங்குறா?"

"காலையில எட்டரையிலேர்ந்து. நடுவுல ரெண்டு தடவ பால் குடிச்சா, அதுவும் கண்ண மூடிக்கிட்டே."

"தினமுமா?"

"தினமும்தான். ராணி மாதிரி," என்றேன், மார்பை நிமிர்த்தி.

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அவள் செருகினால் அடுத்து அடி விழும் என்பது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

"அட முட்டாளே. நீ தூங்கணும்னு, பால் குடிக்கிற புள்ளைக்கும் சேத்து ராத்திரி ஷிஃப்ட் போட்டு வெச்சிருக்கியே. நாள் முழுக்க இருட்டுல கெடந்தா அவளுக்கு எது பகல், எது ராத்திரின்னு எப்படித் தெரியும்? உன் பொண்டாட்டி விரல்ல ஊசிய ஏத்துனது மிஷின் இல்ல. இந்தச் சாக்குதான்."

சொல்லிக்கொண்டே அதைப் பிடித்து இழுத்தாள். பத்து வருடச் சொத்து ஒரே இழுப்பில் கிழிந்து வந்தது. வெளிச்சம் சுவரில் மோதியது. மேஸ்திரி ஒரு கண்ணைத் திறந்தாள், தும்மினாள், பிறகு காற்றில் பறந்த சிமெண்ட் தூசியைப் பார்த்துச் சிரித்தாள்.

"மருமகளே, இதுதாண்டி சூரியன். உங்கப்பன் இத்தன நாளா ஒளிச்சு வெச்சிருந்தான்," என்று அவளைத் தூக்கி ஜன்னலருகே கொண்டுபோனாள் அக்கா.

"அப்போ நான் எப்பக்கா தூங்குறது?"

கேட்ட பிறகுதான் என் காதிலேயே அது அசிங்கமாக விழுந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி முப்பது வருஷம் தூங்குனியே, அது பத்தாதா?" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பகல், பகலாகவே இருந்தது. ஜன்னல் திறந்தே கிடந்தது. ரேடியோ பாடியது. பத்து மணிக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை போய், முட்டைக்கடைக்காரரிடம் காட்டிவிட்டு வந்தேன். கண் சொக்கினால் அந்த வெளிச்சத்திலேயே கொஞ்ச நேரம் தூங்க விட்டேன். அந்தக் கொஞ்ச நேரந்தான் எனக்கும். மற்ற நேரமெல்லாம் நான் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருப்பேன், அவள் என் வயிற்றின்மேல் கிடந்து மீசையைப் பிடுங்குவாள். மாலை ஆனால் அதே குளியல், அதே எண்ணெய், அதே சின்ன விளக்கு. கிசுகிசுப்பை மட்டும் பகலிலிருந்து ராத்திரிக்கு மாற்றினோம்.

தூக்கக் கலக்கத்தில் மிஷினைத் தொடப் பயமாக இருந்ததால், போட்ட கான்கிரீட் காயாமல் தண்ணீர் பீய்ச்சுகிற வேலையை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"ஏன்யா, என்னாச்சு?"

"மேஸ்திரி பகல்ல முழிச்சிருக்க ஆரம்பிச்சாச்சு சார்."

பக்கத்தில் நின்ற நிஜ மேஸ்திரி அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதன் ராத்திரி பிள்ளை இரண்டு மணி வரை அழுதாள். வியாழன் ராத்திரி பன்னிரண்டு வரை. இரண்டு நாள் காலையிலும் என் மனைவி சிவந்த கண்ணோடு, ஆனால் நேரத்துக்கு ஓடினாள். வெள்ளி நடுராத்திரி நான் ஃபோன் போட்டபோது யாரும் எடுக்கவில்லை. மூன்று முறை போட்டேன். ஏன் எடுக்கவில்லை என்று எல்லோரிடமும் கேட்டேன்.

"டேய், அழுகை கேட்டாலும் புலம்புற, கேக்கலன்னாலும் புலம்புற," என்றார் கிரேன்காரர்.

சனிக்கிழமை காலை ஏழு முப்பத்தெட்டுக்கு வீட்டு வாசலில் நின்றேன். சாவியைத் திருப்பினேன். உள்ளே தாழ்ப்பாள். மணியை அழுத்தினேன், பேட்டரி இல்லை. ஃபோன் போட்டேன், அதற்கு வாய் இல்லை. எல்லாவற்றையும் ஊமையாக்கிய மகராசன் நான்தான். எட்டு மணிக்கு ஆலை வாசலை மூடிவிடுவார்கள். அந்த மிஷின் போய்விடும்.

தலைக்கவசத்தைக் கழற்றிக் கதவில் ஓங்கி ஓங்கி அடித்தேன். "எழுந்திரு! ஏய், எழுந்திருடி! மணி ஆச்சு!"

"எவண்டா அவன் விடியக்காலையில?" என்று கீழிருந்து அக்கா கத்தினாள்.

"நான்தான்க்கா!"

மாடி வீட்டுக்காரர் படியில் எட்டிப் பார்த்தார். பத்து வருடமாக நான் அடக்கி வைத்திருந்த மனிதர். நிதானமாகச் சொன்னார்: "சத்தம் போடாதீங்க. இங்க ஆளுங்க தூங்கறாங்க."

கதவு திறந்தது. அவள் கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு விழுந்திருந்தது. மூன்று வாரத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"மணி என்னங்க?"

"ஏழு நாப்பத்தாறு. ஓடு!"

"பாப்பா ஒம்போதுக்கே தூங்கிட்டா... நடுவுல ஒரே ஒரு தடவதான் பாலுக்கு..." பல் விளக்கிக்கொண்டே பேசினாள், பேசிக்கொண்டே புடவையைச் சுற்றினாள், ஒரு காலில் அவள் செருப்பும் மறுகாலில் என் செருப்புமாகப் படியிறங்கினாள்.

நான் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு அடித்து ஒரு நிமிடத்தில் அது மின்னியது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'உள்ள வந்துட்டேன். மொதல்ல பெல்லுக்கு பேட்டரி போடுங்க.'

தப்பாகப் படித்திருப்பேனோ என்று இன்னொரு முறையும் படித்தேன்.

அப்பாடா என்று தரையில் சாய்ந்து, கண்மேல் துண்டைப் போட்டேன். இரண்டு மூச்சு விட்டிருப்பேன். கட்டிலில் ஒரு முனகல், அப்புறம் ஒரு டன் குரல். எழுந்துபோய்ப் பார்த்தேன். மேஸ்திரி ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு காலையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"சொல்லுங்க மேஸ்திரி, என்ன வேலை?" என்று கையை நீட்டினேன்.